ஜாங்கிரிக்குப் பதினைந்து நிமிடம்

மணி இரண்டு நாற்பதுக்கு மரியபுஷ்பம் மீனை உப்புத் தண்ணீரில் இறக்கினாள். இரண்டு ஐம்பத்தைந்துக்கு எடுத்துவிட வேண்டும். நடுவில் கிடக்கிற பதினைந்து நிமிடத்தை என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. பாளையங்கோட்டையில் டாக்டர் சிவசைலத்தின் குழந்தைகள் கிளினிக் மத்தியானம் ஒன்றரைக்கு அடைத்தால் ஐந்து மணிக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளியில் டோக்கன் மேசைக்குப் பின்னால் பாயை விரித்து ஒரு தூக்கம் போடுவாள், பதினாலு வருஷமாக அப்படித்தான், இன்றைக்குப் பாய் சுருட்டினது சுருட்டினபடி மூலையில் நின்றது. காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளைகளைத் துடைத்துவிட வைத்திருக்கும் நீலத் தொட்டியில் நாலு லிட்டர் தண்ணீர், அதுவும் ஹாலில் இருக்கும் கண்ணாடி மீன் பெட்டியிலிருந்தே மொண்ட தண்ணீர், அதில் கரைத்த பேதியுப்பு, நடுவில் ஜாங்கிரி, அந்தப் பெட்டியின் தங்கமீன். ஆரஞ்சு நிறம், தலையில் சுருள் சுருளாய்ச் சதைக் கொண்டை, உள்ளங்கையளவு உடம்பு. ஊசிக்குக் காத்திருந்த பிள்ளைகளில் யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நேற்றுக் காலையிலிருந்து வயிறு பந்தாய் உப்பி, ஒருக்களித்து, மேல்மட்டத்தில் மிதக்கிறது. இப்போதும் மிதக்கத்தான் செய்தது. ஆனால் செவுள் அசைகிறது. மூடுகிறது, திறக்கிறது, மூடுகிறது, அவள் மூச்சும் அதோடு சேர்ந்து மூடித் திறந்தது, இதென்ன கூத்து என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், நெஞ்சு ஏன் இப்படி அடிக்கிறது, பரீட்சை எழுதப் போன பிள்ளை மாதிரி. பயமா? பயமும்தான். ஆனால் பயம் மட்டும் என்றால் உள்ளங்கால் இப்படிக் குறுகுறுக்காதே.

மத்தியானம் கிளம்பும்போது டாக்டர் சொல்லிவிட்டுத்தான் போனார். கண்ணாடிப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார், "இது தேறாது புஷ்பம், சாயங்காலம் பிள்ளைகள் வர்றதுக்குள்ள எடுத்துரு, புதுசா ரெண்டு வாங்கிப் போட்டுருவோம்" என்றார். சரி சார் என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் சரி சார்தான். சரி சார், டோக்கன் நாற்பத்திரண்டு சார், எடை பதினொண்ணரை சார். சரி என்று சொன்ன வாயால்தான் கால் மணி நேரம் கழித்து வண்ணார்பேட்டை மீன் கடைக்குப் போன் போட்டாள். கடைக்காரர் ஜெய்லானி அந்தப் பக்கம் யாருக்கோ மீனை அள்ளிக்கொண்டே பேசினார். "அக்கா, மேலருந்து பாருங்க. செதில் எல்லாம் தூக்கிக்கிட்டு அன்னாசிப்பழம் மாதிரி நிக்கா, இல்ல உடம்போட படிஞ்சிருக்கா?" படிந்திருக்கிறது என்றாள். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. தூக்கி நின்னா உள்ள நீர் கோத்துட்டுன்னு அர்த்தம், அதைப் பொழைக்க வைக்கிறது பெரும்பாடு. படிஞ்சிருந்தா வயித்துலதான் ஏதோ அடைச்சிருக்கு, பட்டினி போடணும், பேதியுப்புல குளிப்பாட்டணும். சாப்பாட்டு உப்பைப் போட்டுராதீக, அது வேற." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று மேலிருந்து பார்த்தாள். அப்படி அந்த மீனை இந்த மூன்று வருஷத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒவ்வொரு செதிலும் ஓடு வேய்ந்தது போல ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தது. ஒன்றுகூடத் தூக்கவில்லை. நாற்காலியில் நின்றபடியே, ஆளில்லாத ஹாலில், படிஞ்சிருக்கு, படிஞ்சிருக்கு என்று சத்தமாகச் சொன்னாள்.

இரண்டு நாற்பத்து மூன்று. ஒன்றரை டீஸ்பூன் போட்டோமா, ஒன்றரை டேபிள்ஸ்பூனா? இல்லை, காய்ச்சல் மருந்துப் பாட்டில் மூடியில்தான் அளந்தாள், அதில் ஐந்து மில்லி என்று கோடு போட்டிருக்கும், ஐந்து ஒரு தடவை, அப்புறம் பாதி. டீஸ்பூன்தான். கோட்டுக்கு மேலே கொஞ்சம் கும்பலாய் இருந்ததோ? விரலால் தட்டிச் சமப்படுத்தினாள், நினைவிருக்கிறது, விரலில் ஒட்டினதை நாக்கில்கூட வைத்துப் பார்த்தாள், கசந்தது. உப்பு கரிக்கும் என்று நினைத்த நாக்குக்கு அந்தக் கசப்பு ஒரு அதிர்ச்சி. மருந்துக் கடைப் பையன்கூட யாருக்குக்கா என்று கேட்டான், எங்க வீட்டு ஆளுக்கு என்று சொல்லிவிட்டு வந்தாள், மீனுக்கு என்றால் சிரிப்பான், சிரிக்கட்டுமே, ஏன் சொல்லவில்லை? சொல்லாமல் விடுவது அவளுக்குக் கை வந்த வேலை. புன்னைக்காயலில் அம்மா மீன் வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து குடல் உருவிக் கொடுத்த கை இது, எத்தனை ஆயிரம் மீனின் வயிற்றுக்குள் போயிருக்கும், ஒரு மீனும் உயிரோடு இருந்ததில்லை. "ஏ பிள்ள, நெட்டியை உடைச்சிராத, அதுக்குத் தனி விலை" என்பாள் அம்மா. நெட்டி, வெள்ளையாய், ஊதின பலூன் மாதிரி, முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் காற்றுப்பை. அதனால்தான் மீன் நினைத்த ஆழத்தில் நிற்கிறது. அதற்கு நேர் கீழேதான் குடல். குடல் அடைத்து வீங்கினால்? நெட்டியை நெருக்கும். நெருக்கினால் மீன் சாயும், ஒரு பக்கமாய் மிதக்கும். ஜாங்கிரி ஒரு பக்கமாய்த்தான் மிதக்கிறது! அவள் எழுந்தே விட்டாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, ஜெய்லானிகூடச் சொல்லவில்லை, இது அவள் கைக்குத் தெரிந்தது, இத்தனை வருஷம் குழம்புக்கு மட்டும் பயன்பட்ட அறிவு இப்போது எழுந்து நின்று பேசுகிறது. மறுபடி உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை, குத்தவைத்தாள்.

ஐந்து மணிக்கு முதல் டோக்கன் தன்யஸ்ரீ. ஐந்து வயசு. அவள் உள்ளே வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே மீன் பெட்டிக்குத்தான் போவாள், இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்து, "ஜாங்கிரி, நான் வந்துட்டேன்" என்பாள். அவளிடம் புது மீனைக் காட்டி இதுதான் ஜாங்கிரி என்று சொல்லிவிட முடியுமா? கொண்டையின் இடப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி இருப்பது அவளுக்குத் தெரியும். சென்ற மாதம் அந்தப் பிள்ளை கேட்டாள், "ஆன்டி, ஜாங்கிரியும் என்னைய மாதிரி மாத்திரை சாப்பிட்டுத்தான் குண்டாயிட்டா?" கேட்டுவிட்டுத் தன் கன்னத்தைத் தானே கிள்ளிக்கொண்டாள். சிறுநீரக வியாதி, உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், மாத்திரையில் முகம் உப்பும். இப்போது வற்றிவிட்டது, நன்றாக இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் நினைப்பு அதோடு நிற்க மாட்டேன் என்கிறது, எப்போது தன்யஸ்ரீயை நினைத்தாலும் சேலை முள்ளில் மாட்டுவது போல அந்த ஒரு நாளில் போய் மாட்டிக்கொள்கிறது. போன வருஷம் மழைக்காலம். முதல் தடவை வந்திருந்தாள், சளி என்று. எடை பார்க்கும் மிஷினில் தூக்கி நிறுத்தும்போது முகம் பக்கத்தில் வந்தது. கண் இரண்டும் தூங்கி எழுந்த மாதிரி இமை தடித்து, காலில் சாக்ஸ் போட்ட இடம் பள்ளமாய்ப் பதிந்து. பிள்ளையின் அம்மாவிடம் கேட்டாள், "காலையில முகம் வீங்குதாம்மா?" "ஆமாக்கா, சாயங்காலம் வத்திரும்." அவளுக்கு அது சளியாகத் தெரியவில்லை. எத்தனை பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கிறாள். சொல்ல வாயெடுத்தாள். ஹாலில் நாற்பது பேர், டாக்டர் அடுத்த ஆள் என்று மணி அடித்துவிட்டார், நீ டோக்கன் போடுகிறவள்தானே என்று உள்ளே யாரோ சொன்னார்கள், யார் சொன்னது, யாருமில்லை, அவளேதான் சொல்லிக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடினார்கள். பிழைத்து வந்தாள். மூன்று வாரம். இருபத்தோரு நாள். அந்த இருபத்தோரு நாளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாற்பத்தேழு. ஜாங்கிரி ஒரு துடி துடித்தது, வாலை ஒரு வீசு வீசியது, தண்ணீர் அவள் கன்னத்தில் தெறித்தது. போச்சு என்று ஒரு கணம், இல்லை, நல்லது, துடிக்க உயிர் இருக்கிறது, கிறங்கிப் படுத்தால்தான் உடனே எடுக்க வேண்டும் என்றார் ஜெய்லானி. செவுளைப் பார்த்தாள். விளிம்பு சிவப்பு, அம்மா சந்தையில் புது மீன் என்று தூக்கிக் காட்டுகிற சிவப்பு. கண் பிதுங்கவில்லை. அப்படியானால் என்ன தின்றது? என்ன தின்று இப்படி அடைத்தது? இரை போடுவது அவள், காலையில் ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை, மிதக்கிற தூள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான், மூன்று வருஷமாக அதே டப்பா, அதே சிட்டிகை. புதிதாக என்ன? புதன்கிழமை காலையில் வந்து பார்த்தபோது மிதந்தது, அப்படியானால் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் சாயங்காலம் யார் யார்? இருமல் இரட்டைப் பிள்ளைகள், தடுப்பூசிக்கு மூன்று பேர், கொக்கிரகுளத்து வாத்தியார் பேரனைக் கூட்டிக்கொண்டு, அப்புறம் அந்த மஞ்சள் சட்டைக்காரர், மகள் மடியில் பொட்டலம், அவர் நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிவிட்டார், பிள்ளை மீன் பெட்டிப் பக்கம் போய் நின்றது, வெகு நேரம் நின்றது, சமர்த்துப் பிள்ளை என்று நினைத்தாளே, என்ன பொட்டலம் அது? அவர்கள் போனபிறகு பெருக்கினாள். துடைப்பத்துக்கு முன்னால் லேசாக, காற்றுக்கு ஓடுகிற மாதிரி, வெள்ளையாய். பொரி. பொரி! இரண்டே எட்டில் கண்ணாடிப் பெட்டிக்குப் போய் முழங்கை வரை கையை விட்டு பில்டரைப் பிடுங்கினாள், பஞ்சைத் திருப்பினாள், பாசியோடு பாசியாய் நாலைந்து பொரி, ஊறி, ஒன்றுக்கு இரண்டாய் உப்பி, நனைந்த பஞ்சு மாதிரி. இங்கே ஊறி இவ்வளவு ஆனால் வயிற்றுக்குள் எவ்வளவு ஆகும்! உள்ளங்கையில் அதை ஏந்திக்கொண்டு நின்றாள். தண்ணீர் முழங்கையிலிருந்து சொட்டி சேலை நனைந்தது. பவுன் கண்டெடுத்தால்கூட இப்படிச் சிரித்திருக்க மாட்டாள். யாரிடமாவது சொல்ல வேண்டும், இந்த நிமிடமே சொல்ல வேண்டும், ஜெய்லானிக்குப் போன் போடலாமா, கை ஈரம்.

அப்போது பக்கக் கதவு திறந்தது. டாக்டர் சிவசைலம். வாசிக்கிற கண்ணாடியை மேசையில் விட்டுப் போயிருந்தார், அதை எடுக்க வந்தவர், ஹெல்மெட் கையிலேயே இருக்க, நனைந்த சேலையோடு நிற்கிறவளையும் தரையில் இருந்த நீலத் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன புஷ்பம், தூங்கலியா? இதை இன்னுமா வச்சுக்கிட்டிருக்க?" சரி சார் என்று வாய் தானாகத் திறந்தது. திறந்த வாயை மூடினாள். அவர் குனிந்து பார்த்தார், "வயிறு இப்படி இருந்தா உள்ள நீர் கோத்திருக்கும்மா. பாவம், கஷ்டப்படுத்தாத" என்றார், கனிவாகத்தான் சொன்னார், அந்தக் கனிவுதான் ஆபத்து, அதற்குத் தலையாட்டினால் எல்லாம் முடிந்தது. "இல்ல சார்" என்றாள். அந்த இரண்டு வார்த்தையும் ஹாலுக்கு நடுவில் வந்து நின்றன. டாக்டர் நிமிர்ந்தார். வார்த்தை நிற்கவில்லை, குழாய் உடைந்தது போல வந்தது. "இல்ல சார், நீர் கோத்திருந்தா செதிலெல்லாம் தூக்கிட்டு நிக்கும். நீங்க பக்கத்துலருந்து பாக்கீக, மேலருந்து பாருங்க, படிஞ்சுதான் இருக்கு. கண்ணு பிதுங்கல. செவுளு சிவப்பா இருக்கு. ஒரு பக்கமாத்தான் சாயுது, அப்ப குடல் வீங்கி காத்துப்பையை நெருக்குது சார். செவ்வாக்கிழமை ஒரு பிள்ளை பொரி போட்டிருக்கு. இந்தா பாருங்க, பில்டர்ல இருந்து எடுத்தேன்." கையை நீட்டினாள். டாக்டர் ஹெல்மெட்டை டோக்கன் மேசையில் வைத்தார், உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார், அவள் உள்ளங்கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு தொட்டிக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட பேன்ட்டோடு, தரையில் உட்கார்ந்து மேலிருந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "படிஞ்சுதான் இருக்கு" என்றார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் திறந்த வாய் திறந்ததுதான், உள்ளே அடைந்து கிடந்த மற்றதும் பின்னாலேயே வந்தது. "சார், தன்யஸ்ரீ மொதல்ல வந்தப்பயே அவ கண்ணு வீங்கியிருந்ததை நான் பாத்தேன் சார். காலுல பள்ளம் விழுந்திருந்துச்சு. உங்ககிட்ட சொல்லல." சொல்லிவிட்டு மீனைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, செவுள் மூடுகிறது, திறக்கிறது, இப்போது வேலை போகும், போனால் போகட்டும், இல்லை, போகக் கூடாது, இரண்டு ஐம்பத்தைந்துக்கு மீனை யார் எடுப்பது. "நானுந்தான் பாத்தேன்" என்றார் டாக்டர். "அந்த முகத்தை என் கையில பிடிச்சு, டார்ச் அடிச்சு, தொண்டையைப் பாத்தேன். சளின்னு எழுதினேன். உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலயே புஷ்பம்." "அந்தச் சீட்டை இன்னும் கிழிக்காம வச்சிருக்கேன்." அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பதினாலு வருஷமாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், இப்போது தரையில், கால்களை மடக்கத் தெரியாமல் நீட்டிக்கொண்டு, காதோரம் நரைத்து, அவளைப் போலவே அந்த மூன்று வாரத்தை வைக்க இடமில்லாமல் இருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒன்றையே தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு கதவு வழியாக வந்து போயிருக்கிறோம் என்று நினைத்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை, அதற்குள்,

"ஏய்," என்றார் டாக்டர், "ஏய், இங்க பாரு, இங்க பாரு!" ஜாங்கிரியின் வயிற்றுக்குப் பின்னால் வெள்ளையாய் ஒரு நூல். அசைந்தது. நீண்டது. மீன் உடம்பை ஒரு முறை வளைத்தது, நூல் தடித்தது, அரை விரல் நீளம், ஒரு விரல், நடுவில் பொரிப் பொருக்காய்க் கட்டி கட்டியாய். "போகுது சார், போகுது!" என்று கத்தினாள். ஒரு நாளைக்கு நூறு தாய்மாரிடம் பிள்ளைக்கு வெளிக்குப் போச்சா என்று கேட்கிற மனிதர், ஆயுசில் முதல் முறையாக அதைக் காண்பவர் போல இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, "வரட்டும், வரட்டும், அவசரப்படாத, வரட்டும்" என்று மீனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நூல் அறுந்து தண்ணீரில் மிதந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, இது கறுப்பாய், குட்டையாய். மரியபுஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பொத்தியும் நிற்கவில்லை, வயிறு குலுங்கியது, டாக்டரும் சிரித்தார், ஆளில்லாத ஹாலில் இரண்டு பேரின் சிரிப்பும் கார்ட்டூன் ஒட்டிய சுவர்களில் மோதித் திரும்பி வந்தது. மணி பார்த்தாள். இரண்டு ஐம்பத்தைந்து. கையை நனைத்துக்கொண்டு இரண்டு உள்ளங்கையையும் கிண்ணமாக்கி அடியில் கொடுத்துத் தூக்கினாள். கையில் அதன் கனம், வழவழப்பு, உள்ளே ஏதோ சின்னதாய் அடிப்பது. எத்தனை மீன் பிடித்த கை, துடிக்கிறதைத் துடிக்கவிட்டுத் தூக்குவது இதுதான் முதல் தடவை. கண்ணாடிப் பெட்டியில் இறக்கிக் கையை மெதுவாக விலக்கினாள்.

ஜாங்கிரி மேலே வந்தது. சாய்ந்தது, வால் ஒரு பக்கம் இழுத்தது, மறுபடி மிதந்தது. பிறகு தலையைக் கீழே கொடுத்து, ஒரு விரற்கடை இறங்கியது, மேலே வந்தது, இரண்டு விரற்கடை இறங்கியது, முழுக்க நிமிரவில்லை, இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான், ஆனால் இறங்கியது, செடியைத் தாண்டி, காற்றுக் குழாயின் குமிழிகளைத் தாண்டி, ஒன்றரை நாளாக எட்ட முடியாத அடி வரை போய்விட்டது. "இனி என்ன செய்யணும்?" என்று கேட்டார் டாக்டர். அவளிடம்தான் கேட்டார், அங்கே வேறு யாரும் இல்லை. "நாளைக்கு இதே மாதிரி இன்னொரு குளியல் சார். ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒண்ணும் குடுக்கக் கூடாது. அப்புறம் பட்டாணியை வேகவச்சு, தோலை உரிச்சு, துளியூண்டு நசுக்கிக் குடுக்கணும்." டாக்டர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பெட்டிக்குள் ஜாங்கிரி ஒரு சின்னக் கூழாங்கல்லை வாயில் எடுத்தது, சப்பிப் பார்த்தது, துப்பியது, அடுத்த கல்லுக்குப் போனது.

"பசிக்குது போலிருக்கே புஷ்பம்" என்றார் அவர்.

"பசிக்கட்டும் சார்" என்றாள்.